மயக்கமும் தெளிவும்

தமிழ் இலக்கணம் பயில்வோர்க்கு 'மயக்கம்' என்னும் சொல் அச்சம் தருவதன்று. மெய்ம்மயக்கம், திணை மயக்கம், வேற்றுமை மயக்கம் என்று வகுப்பறையில் அச்சொல்லை நாள்தோறும் எடுத்தாளுகிறோம். ஒன்றோடொன்று கலத்தல் என்ற அளவில் அங்கே அதன் பொருள் முடிந்துவிடுகிறது. ஆனால் எங்கள் வீட்டில் அச்சொல்லை எவரும் உரக்கச் சொன்னதில்லை. 1988ஆம் ஆண்டு, எனக்கு 11 வயது நடந்துகொண்டிருந்தபோது, என் வாப்பா பித்தப்பைக் கல்லுக்காக அறுவை செய்துகொண்டு, மூன்றாம் நாள் மூச்சுத் திணறி மறைந்தார்கள். "மயக்க மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஒரே வரியில் சொல்லி உடலைக் கொடுத்தனுப்பினார்கள். அந்த ஒரு வரியைப் பற்றிக்கொண்டே எங்கள் குடும்பம் 35 ஆண்டுகள் வாழ்ந்தது.

அந்த வாழ்வுக்கு நாங்கள் கொடுத்த விலையும் உண்டு. என் உம்மாவுக்குக் கண்புரை வந்தபோது, கண்ணுக்கு மட்டுமே மரத்துப்போகும் மருந்து இடுவார்கள் என்று எத்தனையோ முறை எடுத்துரைத்தும் அவர்கள் இசையவில்லை. ஒரு கண்ணின் ஒளியை இழந்தவர்களாகவே 2009இல் மறைந்தார்கள். 2021இல் எனக்கும் பித்தப்பையில் கல் இருப்பது தெரிய வந்தது. எடுத்துவிடுங்கள் என்றார் மருத்துவர். விடைத்தாள் திருத்தும் பணி, மாணவர் சேர்க்கை, கருத்தரங்கு என்று நானும் நாளைக் கடத்தி வந்தேன். படித்தவனுக்கு அச்சம் இல்லை என்பதன்று. அச்சத்துக்குக் காரணம் கற்பிக்கும் திறமை அவனுக்குக் கூடுதலாக இருக்கிறது, அவ்வளவே.

இந்நிலையில், 2023ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், அமெரிக்காவின் சிக்காகோ நகரை அடுத்து வாழும் என் லாத்தாவின் வீட்டில் ஐந்து வாரம் தங்கும் வாய்ப்புக் கிடைத்தது. அங்கே அவர்களுடைய மகள், எனக்கு மருமகள் முறையானவள், மயக்க மருந்துச் செவிலியர் படிப்பில் ஓராண்டை வகுப்பறையில் முடித்துவிட்டு, அறுவை அரங்கில் நேரடிப் பயிற்சிக்குச் செல்ல ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். எங்கள் குடும்பத்தின் அச்சமே உருவெடுத்து வந்தாற்போன்ற ஒரு கல்வியை அவள் தேர்ந்தெடுத்தது ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

நம் நாட்டில் மயக்க மருந்து கொடுக்கும் பொறுப்பு மருத்துவர்க்கே உரியது. அமெரிக்காவிலோ மருத்துவர்களோடு செவிலியரும் நூறாண்டுக்கும் மேலாக அப்பணியை ஆற்றி வருகின்றனர். 1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் பாஸ்டன் நகர மருத்துவமனையொன்றில் வில்லியம் மார்ட்டன் என்பவர் ஈதர் ஆவியைக் கொண்டு ஒரு நோயாளியை மயங்கச் செய்து, வலியற்ற அறுவையை ஊரறியக் காட்டினார். அதன்பின், ஈதர் கொடுக்கும் வேலைக்கு முழுக்கவனத்தோடு அருகிருப்பவர் தேவைப்பட்டார்; அறுவை செய்பவரின் கத்தியைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அதற்கு உதவமாட்டார். அவ்விடத்துக்குச் செவிலியர் வந்தனர். மின்னசோட்டா மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் மேயோ சகோதரர்களிடம் பணியாற்றிய ஆலிஸ் மகா என்ற செவிலியர், தாம் கொடுத்த 14,000க்கும் மேற்பட்ட மயக்க மருந்துகளில் அம்மருந்தால் ஓர் உயிர்கூடப் போகவில்லை என்று 1906இல் எழுதினார். 1931இல் அகதா ஹாட்ஜின்ஸ் என்பவர் இச்செவிலியர்க்கென ஒரு தேசியச் சங்கத்தை நிறுவினார்.

இன்று இப்படிப்பில் சேர்வது எளிதன்று. செவிலியர் பட்டம் பெற்று, தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்தது ஓராண்டு பணி செய்திருக்க வேண்டும். என் மருமகள் நான்காண்டு பணி செய்திருந்தாள். அவற்றுள் கொரோனாக் காலமும் அடங்கும். 2022 முதல் புதிதாகச் சேர்வோர் அனைவரும் முனைவர் நிலைப் பட்டத்துக்கே பயில வேண்டும் என்பது விதி. தமிழில் எம்.பில்.லோடு நின்றுவிட்ட மாமனுக்கு முனைவர் மருமகள்! பட்டம் பெறுவதற்குள் குறைந்தது 600 நோயாளிகள், 2,000 மணி நேரம் என்று நேரடிப் பயிற்சிக்கும் கணக்கு உண்டு.

வள்ளுவப் பெருந்தகை மருந்து அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்து, நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து அதைக் கொடுப்பவரையும் ஒரு கூறாக வைத்தார். நானும் அதைப் பல ஆண்டுகள் பாடமாக நடத்தியிருக்கிறேன். அந்த நான்காவது கூறு எத்தகைய உழைப்பால் ஆனது என்பதை அந்த ஐந்து வாரத்தில்தான் கண்ணால் கண்டேன்.

லாத்தா வீட்டின் உணவு மேசையில் பாதி அவளுடையது. ஊசிக்குழல்களில் தண்ணீரை நிரப்பி, மருந்தின் வகைக்கேற்ற வண்ணச் சீட்டுகளை ஒட்டி அடுக்கி வைத்திருப்பாள். உறங்க வைக்கும் மருந்துக்கு மஞ்சள், வலி நீக்கும் அபினி வகைக்கு நீலம், தசைகளைத் தளர்த்தும் மருந்துக்குச் சிவப்பு, இரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்துக்கு ஊதா. அவசரத்தில் கை எழுத்தைப் படிக்கும் முன்னே கண் வண்ணத்தைப் படித்துவிடுமாம். ஆனாலும் வண்ணத்தை நம்பி எழுத்தைப் படியாமல் விடக்கூடாது என்று ஆசிரியர் சொன்னதையும் அவள் அடிக்கடி தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள்.

அதிகாலை நாலரை மணிக்கு எழுந்து நடந்துகொண்டே ஒரு வரிசையை ஒப்பிப்பாள். இயந்திரம், உறிஞ்சு குழாய், கண்காணிப்புக் கருவிகள், மூச்சுவழிக் கருவிகள், நரம்பு வழி ஊசி, மருந்துகள், சிறப்புத் தேவைகள். இவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து ஒரு சொல்லாக்கி வைத்திருந்தாள். ஏடும் எழுத்தாணியும் அரிதாயிருந்த காலத்தில் நம் முன்னோர் நூற்பாக்களை நெட்டுருச் செய்தது என் நினைவுக்கு வந்தது. கை நடுங்கும் வேளையிலும் நாவில் நிற்பதே கல்வி என்ற உண்மையை இரு சாராரும் அறிந்திருக்கின்றனர்.

தொண்டைக்குள் ஒளி பாய்ச்சும் கருவியை இடக்கையில்தான் பிடிக்க வேண்டும். பல்லின்மேல் அழுத்திச் சாய்க்கக் கூடாது. முன்னோக்கி உயர்த்த வேண்டும். பயிற்சிக்கூடத்துப் பொம்மையிடம் அதைப் பழகிவிட்டு வந்து, வீட்டில் தண்ணீர் நிரப்பிய கலனை இடக்கையால் தூக்கி வலுவேற்றிக்கொள்வாள். குழாய் மூச்சுக்குழலில்தான் சென்றதா, உணவுக்குழலுக்குள் போய்விட்டதா என்பதை வெளிவரும் கரியமில வாயுவை அளந்து உறுதிசெய்ய வேண்டும். 'போய்விட்டது என்று நினைக்கிறேன்' என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை என்றாள். ஆய்வேட்டில் 'எனலாம்', 'போலும்' என்று எழுதிப் பழகிய எனக்கு அது சுருக்கென்று தைத்தது.

அறுவைக்கு முன் நோயாளியைக் கண்டு பேசிப் பழக அவளுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. மாமன் இருக்கும்போது வேறு ஆள் எதற்கு? ஒரு மாலைப்பொழுதில் கூடத்துச் சாய்வு நாற்காலியில் என்னை அமர்த்தினாள். நான் டீத் தம்ளரோடு அமர்ந்தேன்.

"மாமா, நீங்க இப்ப நோயாளி. கேட்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லணும்" என்று தொடங்கினாள். வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டச் சொன்னாள். உள்நாக்கும் அதன் பின்புறமும் எவ்வளவு தெரிகின்றன என்பதைக் கொண்டு, மூச்சுக்குழலில் குழாய் செலுத்துவது எளிதா கடினமா என்று முன்கூட்டியே ஊகிக்கும் முறை அது. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மல்லம்பட்டி என்ற மருத்துவர் 1985இல் வெளியிட்டது. அவர் பெயராலேயே இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. பின்னர்க் கழுத்தை அசைக்கச் சொன்னாள். ஆடும் பல் உண்டா, நோய் உண்டா, மருந்து உண்டா என்று வரிசையாகக் கேட்டாள். பித்தப்பைக் கல்லைப் பற்றி வேறு வழியின்றி உண்மையைச் சொன்னேன். அடுக்களையில் பாத்திர ஓசை நின்றது, லாத்தா கேட்டுவிட்டார்கள்.

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"இன்னும் சாப்பிடலை, மகளே."

அவள் சிரித்துவிட்டாள். "கையில என்ன மாமா?"

"டீ."

"டீ சாப்பாடு இல்லையா?"

"சாப்பாடு வேற, டீ வேற" என்றேன், தமிழாசிரியனுக்குரிய உறுதியோடு.

அவள் சிரிப்பை நிறுத்திக்கொண்டு விளக்கினாள். தண்ணீரோ பால் கலவாத டீயோ ஆனால் அறுவைக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை பெரும்பாலோர் அருந்தலாம். பால் கலந்துவிட்டால் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இலேசான உணவுக்கும் ஆறு மணி நேரம். எண்ணெயில் பொரித்ததற்கும் இறைச்சிக்கும் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ வேண்டும். ஏனெனில், உறக்கம் வேறு, மயக்கம் வேறு. உறங்குபவருக்குத் தொண்டைக்குள் எதுவும் இறங்கினால் இருமல் வந்து காக்கும். மயங்கியவருக்கு அந்தக் காவல் இல்லை. வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கினால், அங்குள்ள அமிலம் நுரையீரலை வேகவைத்துவிடும். சிலருக்கு அன்றே தெரியும். சிலர் இரண்டு மூன்று நாள் மூச்சுக்குப் போராடி மறைவதும் உண்டு. உறிஞ்சு குழாயைத் தலையணையின் கீழே கைக்கெட்டும்படி வைப்பதும் இதற்காகத்தான்.

தம்ளரைக் கீழே வைத்தேன். அதற்குமேல் அன்று என்னால் நோயாளியாக இருக்க இயலவில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. 1988இல் அறுவை நடந்த நாளின் காலை அப்படியே கண்முன் நின்றது. உம்மா மாற்றுத்துணி எடுத்துவர வீட்டுக்குச் சென்றிருந்தார்கள். ஒன்பது மணிக்கு அறுவை. ஏழு மணியளவில் வாப்பா என்னை அருகழைத்து, தூக்குச் சட்டியைக் கொடுத்து, "பால் கூட ஊத்தச் சொல்லி ஒரு டீ வாங்கிட்டு வா வாப்பா. உம்மாகிட்ட சொல்லாதே" என்றார்கள். ஓடிப்போய் வாங்கி வந்தேன். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு என் தலையைத் தடவினார்கள். வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்லியிருந்தார்கள். வாப்பாவும் சோறோ இட்டிலியோ தொடவில்லை. டீயும் அதில் அடங்கும் என்றோ, ஏன் என்றோ எவரும் சொல்லவில்லை. ஆண்டுதோறும் முப்பது நோன்பையும் விடாது நோற்றவர்கள் அவர்கள். வைகறை முதல் பொழுது சாயும்வரை எச்சிலை விழுங்கவும் தயங்கியவர்கள். இதுதான் காரணம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த இரண்டு மணி நேரம் அவர்களுக்கு ஒரு பொருட்டா?

மறுநாள் அதிகாலைத் தொழுகை முடிந்து லாத்தா அடுக்களையில் நின்றபோது, 35 ஆண்டுகள் எவரிடமும் சொல்லாததைச் சொன்னேன். வாப்பா சொல்லாதே என்றதால் நான் சொல்லாமல் இருந்தேன். அதற்கு வேறு பொருள் இருக்கும் என்று முந்தைய நாள்வரை நான் அறிந்ததில்லை.

லாத்தா அடுப்பை அணைத்தார்கள். "உம்மாவுக்குத் தெரியும் தம்பி" என்றார்கள். "தூக்குச் சட்டியைக் கழுவுனது உம்மாதானே. போற மனுஷர் வாய்க்கு ருசியா ஒரு டீயாவது குடிச்சிட்டுப் போனாரே, பிள்ளை வாங்கிக் கொடுத்தானேன்னு கடைசிவரை சொல்லிச் சொல்லி ஆறுதல் பட்டுக்கிட்டாங்க. உன்கிட்ட கேட்டா நீ அழுவேன்னு கேட்கலை."

உம்மாவின் ஆறுதலும் என் குற்றவுணர்வும் ஒரே தூக்குச் சட்டிக்குள் இருந்தன. எதை எடுப்பது, எதை விடுப்பது? நான் தரையில் அமர்ந்துவிட்டேன்.

மருமகள் வாயிற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வந்து என்னருகே அமர்ந்தாள். அவள் எனக்கு ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அவ்வாறு செய்யவில்லை.

"மாமா, அவ்வளவு காலத்துக்கு முந்தி நடந்ததை, ஒரு சீட்டுகூட கையில இல்லாம, இதுதான் காரணம்னு என்னால சொல்ல முடியாது. இதுவா இருக்கலாம், வேற எதுவாவும் இருக்கலாம். ஆனா ஒண்ணு சொல்லுவேன். டீ குடிச்சது தெரிஞ்சிருந்தா அவங்களுக்கு வழி இருந்துச்சு. அறுவையைத் தள்ளி வச்சிருக்கலாம். அவசரம்னாலும் வயிறு நிறைஞ்சவங்களுக்குன்னு தனி முறை அப்பவே இருந்துச்சு. கேட்கிறது மருந்து கொடுக்கிறவங்க வேலை. பதினோரு வயசுப் பிள்ளையோட வேலை இல்லை."

சற்று நேரம் கழித்து மெல்லச் சொன்னாள்: "எனக்கும் பயமா இருக்கு மாமா. வரிசை எல்லாம் மனப்பாடம். ஆனா அறுநூறு பேர்ல ஒருத்தர்கிட்ட கேட்க மறந்துட்டா?"

அவள் கேட்டதற்கு என்னிடம் மருத்துவ விடை இல்லை. ஆனால் மொழி சார்ந்த ஒரு விடை இருப்பதாக எனக்குத் தோன்றியது. அவள் கேட்கத் தவறாமல் இருந்தால் மட்டும் போதாது. கேட்கும் சொல்லும் பிழையின்றி இருக்க வேண்டும். முந்தைய மாலை அவள் என்னிடம் முறையாகத்தான் கேட்டாள். நானும் பொய் சொல்லவில்லை. 'சாப்பிட்டீர்களா' என்ற வினா நம் மக்களின் செவியில் 'சோறு உண்டீர்களா' என்றே விழுகிறது. டீயும் காப்பியும் அதில் சேரா. 'வெறும் வயிறு' என்பதும் அத்தகையதே. கேட்டவர் ஒரு பொருளில் கேட்க, சொன்னவர் வேறு பொருளில் சொல்ல, இரண்டும் கலந்து நிற்கும் இடம் அது. இலக்கணத்தார் கூறும் மயக்கம் இதுவன்றோ!

"சாப்பிட்டீங்களான்னு கேட்காதே மகளே. நேத்து ராத்திரியில இருந்து உங்க வாய்க்குள்ள என்னென்ன போச்சுன்னு கேளு. தண்ணி, டீ, மிட்டாய், மாத்திரைன்னு ஒண்ணொண்ணா பேர் சொல்லிக் கேளு. ஏன் கேட்கிறேன்னும் சொல்லு. ஏன்னு தெரிஞ்சா எவரும் மறைக்கமாட்டாங்க" என்றேன். அவள் தன் சட்டைப்பைச் சீட்டை எடுத்து, பழைய கேள்வியை அடித்துவிட்டு, ஆங்கிலத்தில் புதியதை எழுதிக்கொண்டாள்.

நான் ஊர் திரும்பிய பின் அவளுடைய பயிற்சி தொடங்கியது. சில மாதங்கள் கழித்து ஒருநாள் தொலைபேசியில் அழைத்தாள். ஒரு மூதாட்டி எதுவும் சாப்பிடவில்லை என்றாராம். இவள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க, பாலாடை ஊற்றிய காப்பி ஒரு கோப்பை குடித்தது வெளிவந்ததாம். அறுவை பிற்பகலுக்குத் தள்ளி வைக்கப்பட்டு நலமே முடிந்ததாம். "உங்க கேள்விதான் மாமா" என்றாள். நான் ஒன்றும் பேசவில்லை. பேசக் குரல் எழவில்லை.

2023 டிசம்பரில் நானும் பித்தப்பையை எடுத்துக்கொண்டேன். மயக்க மருத்துவர் கேட்டவற்றுக்கும் கேளாதவற்றுக்கும் சேர்த்து விடை சொன்னேன். என் வாப்பாவின் வரலாற்றையும் மறையாமல் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டுப் பொறுமையோடு கேட்டார். முகமூடி வழியே தூய பிராணவாயுவைச் சில நிமிடம் இழுக்கச் சொன்னபோது, மூச்சு நிற்கும் இடைவெளியில் உடலுக்கு உதவ முன்கூட்டியே சேர்த்து வைக்கும் கட்டுச்சோறு அது என்று மருமகள் சொன்னது நினைவுக்கு வந்தது. பிறகு பால் போன்ற மருந்து நரம்பில் ஏறியது. கண் விழித்தபோது மாலையாகியிருந்தது. நான் அஞ்சிய மயக்கம் எனக்குச் சற்றும் நினைவில் இல்லை.

அடுத்த பருவத்தில் எங்கள் துறை மாணவர்களிடம் ஒரு பயிற்சி கொடுத்தேன். அறுவைக்கு முதல்நாள் நோயாளிக்குச் சொல்ல வேண்டியவற்றை, எழுத்தறியாத பாட்டிக்கும் விளங்கும்படி ஒரு பக்கத்துக்குள் எழுத வேண்டும். மருத்துவர் ஒருவர் அதைப் பார்த்துப் பிழை திருத்துவார். கட்டுரைகளில் அடுக்குமொழி பொழிந்த மாணவர்கள் அந்த ஒரு பக்கத்தை முடிக்கத் திணறினர். 'உணவு தவிர்க்கவும்' என்று எழுதிய மாணவியை, உன் நன்னி இதைக் கேட்டால் டீ குடிப்பாரா மாட்டாரா என்று கேட்டேன். சிந்தித்துவிட்டு அவளே அடித்து எழுதினாள்.

மாணவச் செல்வங்களே, தமிழ் படித்து என்ன செய்வது என்று உங்களைக் கேட்போர் உண்டு. ஒரு சொல்லைக் கேட்பவர் எப்பொருளில் கொள்வார் என்று ஒரு கணம் நின்று எண்ணுங்கள். அந்தக் கணத்தில் ஓர் உயிர் நிற்கவும் கூடும். பெரியோர்களே, மருத்துவமனையில் எதையும் மறைக்காதீர்கள். பிள்ளைகளிடம் 'சொல்லாதே' என்று சொல்லி வைக்காதீர்கள். என் மருமகள் மூன்றாண்டுக் கல்வியையும் முடித்து 2025இல் பட்டம் பெற்றுவிட்டாள். அந்தப் பழைய சீட்டை இன்னும் சட்டைப்பையில் வைத்திருப்பதாகச் சொல்கிறாள். அவள் கையில் உறங்கும் ஒவ்வொருவரும் நலமே கண் விழிக்க இறைவன் அருள்வானாக.